கிரைஸ்லர் விற்பனை

ஒரு கம்பெனி தனக்கு வேண்டாத கிளையை விற்பது வியாபார உலகில் அன்றாடம் நடக்கும் சங்கதி. அதைப் பற்றி நாம் எழுத வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. ஆனால் 2007-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 14-ந் தேதி, ஜெர்மன் கார்க் கம்பெனியான டைம்லர்கிரைஸ்லரின் தலைவர் டீட்டர் ஸெட்ஷே, அமெரிக்காவிலுள்ள கிரைஸ்லர் பகுதியைப் பற்றி எந்த மார்க்கத்தையும் தாம் விலக்கிவிடவில்லை என்று கூறியபோது, அதன் பொருள் எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. விற்கத் தயார் என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது. அதே தினத்தில் கிரைஸ்லர் தொழிலாளரும் சிப்பந்திகளுமாக 13,000 பேருக்கு வேலை போகும் என்றும் அறிவிக்கப்பட்டது. பெரிய கம்பெனிகள் சேரும்போது பேசும் பாஷைக்கும் பிரியும்போது போடும் கணக்குக்கும் எவ்வளவு தூரம் என்பதை இவ்விஷயம் துலாம்பரமாகக் காட்டுகிறபடியால், இதைச் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

1998-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி லண்டனில் இவ்விரு கம்பெனிகளின் இணைப்பு வெளியிடப்பட்டது. சுமார் 3,600 கோடி டாலர் பெறுமான ஏற்பாடு அது. டைம்லர் பென்ஸின் தலைவர் யூர்கன் ஷ்ரெம்ப்பும், கிரைஸ்லரின் தலைவர் ராபர்ட் ஈட்டனும் இதனைச் சமமானவர்களின் சேர்க்கை என்று வர்ணித்தனர். இருவரும் கூட்டாகத் தலைமை வகிப்பார்கள். ஸ்டட்கார்ட்டில் ஒரு தலைமைக் காரியாலயம், மிச்சிகன் மாகாணத்து ஆபர்ன் ஹில்ஸில் ஒரு தலைமைக் காரியாலயம். அலுவல் பாஷை ஆங்கிலம். காகிதத்தில் எல்லாம் நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் புதிய கம்பெனி ஜெர்மன் சட்டப்படி பதிவாயிற்று. பெயரில் டைம்லர் முன்னே நின்றது. பங்குகளில் ஏறக்குறைய 57 சதவிகிதம் டைம்லர் பங்குதாரர்களுக்கும் 43 சதவிகிதம் கிரைஸ்லர் பங்குதாரர்களுக்கும் போயிற்று. கணக்குத் தெரிந்தவனுக்கு இதிலேயே விஷயம் புரிந்திருக்கும்.

கிரைஸ்லர் அன்று கையேந்தி நின்ற கம்பெனி என்று யாரும் எண்ண வேண்டாம். 1925-ல் வால்ட்டர் கிரைஸ்லர் ஸ்தாபித்த அந்தக் கம்பெனி, 1979-ல் முழுகும் தறுவாயில் இருந்தது மெய்தான். அமெரிக்க சர்க்கார் 150 கோடி டாலர் வரை கடனுக்கு ஜாமீன் நின்றது. லீ அயக்கோக்காவின் நிர்வாகத்தில், தொழிலாளர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து உழைத்தார்கள். தவணைக்கு முன்பாகவே, 1983-ல், கடன் தீர்ந்தது. 1997-ல் கிரைஸ்லர் ஈட்டிய லாபம் சுமார் 280 கோடி டாலர். இப்படிப்பட்ட நிலையில்தான் அது இணைப்புக்குச் சம்மதித்தது.

சம அந்தஸ்து என்ற பேச்சு எத்தனை நாள் நிலைத்தது? இரண்டு வருஷம் கூட இல்லை. 2000-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஈட்டன் விலகினார். அதே வருஷம் அக்டோபரில் ஷ்ரெம்ப், லண்டன் பைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையிடம் மனம் திறந்து பேசினார். கிரைஸ்லர் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்பதே தமது ஆதியோசனை என்றும், அதை முன்னமே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் ஏற்பாடு கைகூடியிராது என்றும் கருத்துப்பட அவர் கூறினார். அடுத்த மாதமே கிரைஸ்லரின் அமெரிக்கத் தலைவர் ஜேம்ஸ் ஹோல்டன் நீக்கப்பட்டார். அவர் ஸ்தானத்துக்கு ஜெர்மனியிலிருந்து அனுப்பப்பட்டவர், பின்னால் விற்பனையைப் பிரஸ்தாபித்த அதே ஸெட்ஷேதான். பெரும் பங்குதாரரான கிர்க் கெர்கோரியன், தம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்குத் தொடர்ந்து, 2005-ல் தோற்றார். மற்றப் பங்குதாரர்கள் தொடுத்த வழக்கை 2003-ல் 30 கோடி டாலர் கொடுத்துக் கம்பெனி முடித்துக்கொண்டது. பங்கு வைத்திருந்தவனுக்கு நியாயஸ்தலம் இருந்தது. பட்டறையில் நின்றவன் எந்த நியாயஸ்தலத்துக்குப் போவான்?

இணைப்பின் சாரமே, இரு கம்பெனிகளும் உறுப்புகளையும் நிபுணத்துவத்தையும் பகிர்ந்துகொண்டு செலவைக் குறைப்பதாகும். ஆனால் மெர்ஸிடிஸின் மதிப்புக் கெட்டுவிடும் என்ற பயத்தால், அதன் உறுப்புகளைக் கிரைஸ்லர் வண்டியில் சேர்க்க ஸ்டட்கார்ட் வெகு காலம் தயங்கிற்று. கடைசியில் அப்படிச் சேர்த்துச் செய்த கிரைஸ்லர் 300 என்னும் கார் 2004-ல் வெளிவந்ததும் நன்றாக விற்பனையாயிற்று. ஆறு வருஷம் கழித்துத்தான் கூட்டின் பலன் கண்ணில் பட்டது! இதனிடையே 2001 ஜனவரியில் 26,000 பேரைக் குறைக்கும் திட்டம் வந்துவிட்டது. போதாக்குறைக்கு, 2000-ல் ஜப்பானின் மிட்ஸுபிஷி மோட்டார்ஸிலும் பெரும் பங்கு வாங்கி, 2004-ல் அதற்கு மேலும் பணம் போட மறுத்து, 2005-ல் கைகழுவினார்கள்.

குற்றம் முழுவதையும் ஜெர்மானியர் தலையில் போடுவது நியாயமாகாது. பெட்ரோல் மலிவாயிருந்த காலத்தில் பெரிய வண்டிகளையும் சரக்கு வண்டிகளையுமே கிரைஸ்லர் நம்பியிருந்தது. 2005-க்குப் பின் பெட்ரோல் விலை ஏறவே, ஜனங்கள் சிறிய ஜப்பானியக் கார்களை நாடினர். கிராக்கி குறைந்த பிறகும் ஆலைகள் வண்டிகளைச் செய்து தள்ளின. வாங்குவாரின்றி அவை மைதானங்களில் குவிந்தன. 2006-ல் நஷ்டம் சுமார் 150 கோடி டாலர். இந்த மடமைக்கு டிட்ராய்ட் நிர்வாகிகளே உத்தரவாதிகள்.

விற்பனைக் கணக்குக்கு வருவோம். கெர்கோரியன் மறுபடியும் தோன்றி 450 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். கனடாவின் மாக்னாவும், பிளாக்ஸ்டோன் என்னும் முதலீட்டு ஸ்தாபனமும் போட்டியிட்டன. 2007 மே 14-ந் தேதி, செர்பெரஸ் என்ற முதலீட்டு ஸ்தாபனத்துக்கு 80.1 சதவிகிதப் பங்கு 740 கோடி டாலருக்கு விற்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஆனால் அந்தத் தொகையில் பெரும் பகுதி டைம்லரிடம் போகவில்லை. கிரைஸ்லருக்கே மூலதனமாகப் போடப்பட்டது. டைம்லர் கொடுக்க ஒப்புக்கொண்ட கடனையும், தாங்க ஒப்புக்கொண்ட செலவுகளையும் கழித்துப் பார்த்தால், விற்றவரே சுமார் 65 கோடி டாலர் கைவிட்டுக் கொடுத்ததாக முடிந்தது. 3,600 கோடிக்கு வாங்கிய சரக்கைக் கூலி கொடுத்து அனுப்பியது போலாயிற்று.

ஏன் இப்படி? ஆலைகளும் யந்திரங்களும் அவ்வளவு மட்டமானவையா? இல்லை. ஓய்வு பெற்ற தொழிலாளரின் வைத்தியச் செலவைத் தாங்குவதாகக் கிரைஸ்லர் பல்லாண்டுகளாகக் கொடுத்திருந்த வாக்குறுதியின் பெறுமானம் சுமார் 1,800 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. டைம்லர் கழற்றிவிட விரும்பியது அந்தப் பொறுப்பைத்தான். முப்பது வருஷம் பட்டறையில் நின்றவனின் வைத்தியம், வாங்குபவர் கண்ணில் பொருளின் விலையைக் குறைக்கும் பழுதாகத் தோன்றிற்று. மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் ரான் கெட்டில்பிங்கர், டைம்லர் மேற்பார்வை சபையிலும் ஓர் அங்கத்தினர். இத்தகைய முதலீட்டு ஸ்தாபனங்கள் சொத்தை உரித்து விற்பவை என்று முதலில் எதிர்த்தவர், மே மாதத்தில் இந்த விற்பனையே நலம் என்று ஆமோதித்தார். அவரை நாம் குறைகூறத் துணியோம். வேண்டாம் என்று சொல்லும் எஜமானிடம் இருப்பதா, எவரென்று தெரியாத எஜமானிடம் போவதா என்ற இரண்டில் ஒன்றைத்தான் அவர் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

புது எஜமானும் நிலைக்கவில்லை. 2008 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் 400 கோடி டாலர் கடன் கொடுக்க நேர்ந்தது. 2009 ஏப்ரலில் டைம்லர் தன்னிடம் மிஞ்சியிருந்த 19.9 சதவிகிதத்தையும் துறந்து, தான் கொடுத்திருந்த கடன்களையும் விட்டு, பென்ஷன் நிதிக்கு மூன்று வருஷங்களில் 60 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அம்மாதம் 30-ந் தேதி கிரைஸ்லர் கோர்ட்டில் திவால் மனு கொடுத்தது. இத்தாலியின் பியட் 20 சதவிகிதத்துடன் நிர்வாகத்தை ஏற்றது. தொழிலாளர் வைத்திய நிதிக்கோ, வர வேண்டிய ரொக்கத்தில் பெரும் பங்குக்குப் பதிலாகக் கம்பெனிப் பங்குகள் கொடுக்கப்பட்டன. இந்த மீட்பு வேலையில் அமெரிக்கப் பொக்கிஷத்துக்கு முடிவில் ஏற்பட்ட நஷ்டம் சுமார் 130 கோடி டாலர். அது வரிகொடுப்போர் பணம்.

2014-ல் கிரைஸ்லர் முழுவதும் பியட்டின் வசமாயிற்று. பியட் கிரைஸ்லரும் பிரான்ஸின் பெஜோ கம்பெனியும் சேர்ந்து, 2021 ஜனவரியில் ஸ்டெல்லான்டிஸ் என்ற பெயர் பூண்டன. பாதிக்குப் பாதி, சமமானவர்களின் கூட்டு என்றே அதையும் அறிவித்தார்கள். நிர்வாக சபையில் இரு தரப்புக்கும் ஐந்து ஐந்து ஸ்தானங்கள். பதினோராவது ஸ்தானம் பிரதம நிர்வாகிக்கு. அந்தப் பதவிக்கு வந்தவர் பெஜோவின் தலைவர் கார்லோஸ் டவாரெஸ்.