காது காய்ஞ்சாலும் ஒருக்காப் போய்க் காட்டுங்கோ

"அக்கா, முந்தி பிள்ளைக்குக் கொஞ்சமெண்டாலும் கேட்டது. ஒப்பரேஷனுக்குப் பிறகு அதுவும் குறைஞ்சு போச்சு. இவையள் என்ன செய்தவை எண்டு கேளுங்கோ."

சுவிஸ் மருத்துவமனைகளில் மொழிபெயர்க்கப் போகும் எனக்கு இந்தக் கோபம் பழக்கம். ஊர், பேர் சொல்ல மாட்டேன், தொழில் இரகசியம். ஆனால் பதில் எல்லாத் தாய் தகப்பனுக்கும் தெரிய வேண்டியது.

வருத்தத்தின் பெயர் கொலெஸ்டியாட்டோம். கேட்டவுடன் சிலருக்குக் கொலஸ்ட்ரோல் ஞாபகம் வரும், சிலர் புற்றுநோய் என்று அழுதுவிடுவார்கள். இரண்டும் இல்லை. 1838இல் யோஹன்னஸ் முல்லர் என்ற ஜெர்மன்காரர் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. உண்மையில் அது இடம் மாறி வளர்ந்த தோல். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குக் காற்றுக் கொண்டுபோகும் குழாய் சரியாக வேலை செய்யாவிட்டால், செவிப்பறை உள்ளே இழுபட்டு ஒரு பை போலாகும். அந்தப் பையில் தோல் வழமைபோல உதிரும், ஆனால் வெளியே வர வழியில்லை. உதிர்ந்தது சேர்ந்து சேர்ந்து, பக்கத்து எலும்பை மெல்ல மெல்ல அரிக்கும்.

ஊரில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு மறந்திராது. பெரும்பாலும் முதலில் அரிபடுவது பட்டடையுரு. இன்னும் விட்டால் முகத்தை அசைக்கும் நரம்பு, தலைச்சுற்று வராமல் காக்கும் கால்வாய், மேலே மூளை உறை. நோ அவ்வளவாக இருக்காது, அதுதான் இதன் கள்ளத்தனம். மணக்கிற சீழ் வரும், போகும். எங்கட வீடுகளில் உள்ளி போட்டுக் காய்ச்சின எண்ணெய் விடுவோம். காதில் ஓட்டை இருக்கோ இல்லையோ தெரியாமல் எண்ணெய் விடுகிற அந்தப் பழக்கத்தை நான் எங்கே கண்டாலும் சண்டை பிடிப்பேன். டொக்டர் தரும் துளிமருந்து சீழைக் காயவைக்கும், உள்ளே இருக்கும் தோலை அகற்றாது. அதற்கு வெட்டுத்தான் வழி.

இந்த வெட்டில் சுவிஸுக்குத் தனிப் பெயர் உண்டு. சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1970 முதல் 1999 வரை காது, மூக்கு, தொண்டைப் பிரிவை நடத்திய பேராசிரியர் உகோ ஃபிஷிடம் காது எலும்பில் வெட்டப் பழகவென்றே பல நாடுகளிலிருந்து வைத்தியர்கள் வந்தார்கள்.

பெரும்பாலும் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, காதுக் குழாயின் பின் சுவரை வைத்துக்கொண்டு உள்ளே சுத்தம் செய்வது. காது பழையபடி இருக்கும், ஆனால் மூலையில் ஒரு துளி தோல் ஒளிந்திருந்தால் திரும்ப வளரும். மற்றது, சுவரையும் எடுத்து ஒரே குழியாக்குவது. ஒளிய இடம் குறைவு, ஆனால் அந்தக் குழியைக் காலம் முழுக்க டொக்டரிடம் போய்த் துப்புரவாக்க வேண்டும், தண்ணிக்கும் கவனம். எது யாருக்கு என்பதை நோய் போன தூரமும், மற்றக் காதின் நிலையும், ஆள் ஒழுங்காக வருவாரா என்பதும் சேர்ந்து தீர்மானிக்கும்.

இப்ப அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். அரிபட்ட எலும்பின் இடத்தில் இந்தத் தோல் கட்டியே பாலம் மாதிரி நின்று சத்தத்தைக் கடத்தும். கட்டியை எடுத்தால் பாலமும் போகும், கேள்வியும் குறையும். டொக்டருடைய முதல் நோக்கம் ஆபத்தில்லாத, காய்ந்த காது. கேள்வி இரண்டாவது. சில வேளை அதே நாளில் சின்ன டைட்டானியம் துண்டு வைத்துப் பாலம் போடுவார்கள். பல வேளை சில மாதங்கள் பொறுத்து இரண்டாம் முறை திறந்து, மிச்சம் இல்லை என்று பார்த்த பிறகுதான் வைப்பார்கள். இதை வெட்டுக்கு முன்னமே கேட்டு வையுங்கோ: "கேள்வியை எப்ப திருத்துவீங்கள், திருந்தாவிட்டால் என்ன வழி?"

அந்த இரண்டாம் தவணைதான் எனக்குப் பயம். "காது காய்ஞ்சிட்டுது, பிறகேன்?" என்று நிற்பாட்டி விடுகிறோம். பிள்ளைகளில் இது திரும்ப வருவது பெரியவர்களைவிடக் கூட. இப்போது இரண்டாம் முறை திறக்காமல், சில மில்லிமீட்டர் அளவிலேயே கண்டுபிடிக்கும் தனிவகை எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடங்களும் உண்டு. ஆனாலும் வருடக்கணக்காகக் காட்ட வேண்டும்.

காசைப் பற்றி: இது அடிப்படைக் காப்புறுதிக்குள் வரும். பிள்ளைகளுக்கு வழமையாக ஃபிரான்ஷீஸ் இல்லை. பத்து வீதம் உங்கட பங்கு, அதுவும் வருடத்துக்கு 350 பிராங்கைத் தாண்டாது. குடும்ப வைத்தியர் முறையில் சேர்ந்திருந்தால் முதலில் அவரிடம் கடிதம் வாங்குங்கோ.

வெட்டின பக்க நாக்கில் சில மாதம் ருசி மாறிக் கிடக்கலாம், பெரும்பாலும் சரியாகும். பள்ளிக்கூட நீச்சலுக்கு டொக்டரின் கடிதம் வேண்டும். கோடை லீவில் ஊருக்குப் பறக்க ரிக்கெற் போடுமுன், வெட்டின டொக்டரிடம் திகதி கேளுங்கோ. பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதேங்கோ, மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று தவணை எடுக்கும்போதே சொல்லலாம்.