காய்ச்சாத பாலும் கடன் வாங்கிய மரபும்

கைவினைச் சீஸ் பற்றிய பேச்சுகளில் 'காய்ச்சாத பாலில் செய்தது' என்பது ஒரு புகழ்மொழியாகிவிட்டது. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்டர் முறையைப் பெருநிறுவனங்களின் சூழ்ச்சியாகச் சித்திரிக்கும் பண்பாட்டு ஆய்வாளர்களும் அதற்கு ஒத்து ஊதுகிறார்கள். அவர்கள் முன்வைக்கும் வாதங்கள் மூன்று. மூன்றுமே ஆராய்ந்தால் நிலைப்பவை அல்ல.

முதலாவது, 60 நாள் முதிர்ந்தால் கிருமிகள் தாமே மடியும் என்பது. இது அமெரிக்காவின் பழைய விதி. உப்பும் அமிலமும் ஈரக்குறைவும் கிருமிகளைக் குறைக்கும் என்பது உண்மை. முற்றிலும் அழிக்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. செடார் சீஸில் 60 நாள் கடந்தும் ஈ. கோலை ஓ157 உயிரோடிருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. கமம்பேர் போன்ற மென்சீஸில் நிலைமை இன்னும் மோசம். அதன் மேற்பரப்பில் வளரும் பூஞ்சை லாக்டிக் அமிலத்தை உண்டு தீர்ப்பதால் அமிலத்தன்மை குறைகிறது. குளிர்பெட்டியிலும் பெருகவல்ல லிஸ்டீரியாவுக்கு அதுவே வாய்ப்பாகிறது. அங்கே முதிர்ச்சி பாதுகாப்பைக் கூட்டுவதில்லை, குலைக்கிறது.

இரண்டாவது, பிரெஞ்சுக்காரர்கள் உண்ணவில்லையா என்ற கேள்வி. கன்று வீச்சு நோய் எனப்படும் புரூசெல்லோசிஸ் மாடுகளிடம் ஒழிந்த நாடு என்ற தகுதியை பிரான்ஸ் 2005இல் பெற்றது. 2012இல் ஓத்-சவ்வா பகுதியில் காய்ச்சாத பால் சீஸ் உண்ட சிறுவன் ஒருவனுக்கு அந்நோய் கண்டது. நோய்க்கு மூலமான மந்தை முழுவதும் கொல்லப்பட்டது. மலையில் திரியும் காட்டாடுகள் வரை சோதனை சென்றது. அந்தச் சீஸுக்குப் பின்னால் நிற்பது இத்தகைய கண்காணிப்பு. இந்தியாவிலோ அந்நோய் பரவலாக நிலைகொண்டுள்ளது. 4 முதல் 8 மாத வயதுள்ள பெண் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 2019இல்தான் தொடங்கியது. பெரும்பாலான மாநிலங்களில் பசுக்கொலையைச் சட்டமும் கட்டுப்படுத்துகிறது. பிரான்சின் சீஸை இரவல் வாங்கியவர்கள் அதன் காவலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, இது நம் மரபு என்பது. எந்த மரபு? பனீர் கொதித்த பாலைத் திரித்துச் செய்வது. ஜம்முவின் களாரியை இரும்புக் கல்லில் வாட்டி உண்கிறார்கள். தமிழர் புதுமனை புகுந்ததும் முதலில் செய்வது பால் காய்ச்சுவது. இந்த மண்ணின் பட்டறிவு அடுப்பின் பக்கம்தான் நிற்கிறது.

காய்ச்சாத பாலின் நுண்ணுயிர்கள் தனிச்சுவை தருகின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 72 டிகிரி செல்சியஸில் 15 நொடி சூடாக்கிய பாலிலும், தேர்ந்த நுண்ணுயிர்களைச் சேர்த்து நல்ல சீஸ் செய்யலாம். சுவையில் நேரும் சிறு இழப்புக்கு எதிரே, லிஸ்டீரியாவால் நேரும் கருச்சிதைவையும், புரூசெல்லோசிஸ் தரும் மாதக்கணக்கான காய்ச்சலையும் மூட்டுவலியையும் வைத்து நிறுக்க வேண்டும்.

தன் மந்தை தூயது என்று சொல்லும் உற்பத்தியாளர், ஒவ்வொரு மாட்டுக்கும் செய்த புரூசெல்லா, காசநோய்ச் சோதனைகளின் முடிவையும், ஒவ்வொரு தொகுதிக்கும் செய்த லிஸ்டீரியா சோதனையின் முடிவையும் வெளியிடட்டும். கருவுற்றோருக்கான எச்சரிக்கையைப் பொதியின் முகப்பிலேயே அச்சிடட்டும். அதுவரை பாலைக் காய்ச்சட்டும்.