கடல்கட்டியின் வெள்ளி மீன்கள்

வேட்டைக்காரர்கள் நாலு பேர் கூடினால் வீரக்கதைதான் பேசுவார்கள் என்று நினைக்கிறோம். முதல் அரை மணி நேரம் அப்படித்தான் இருக்கும். இரண்டாவது டீ வந்த பிறகு பேச்சின் போக்கு மாறும். தங்களுடைய வேடிக்கையான பழக்கங்களையும் உள்ளூர இருக்கும் பயங்களையும் ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்ளத் தொடங்குவார்கள். அதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. உயிரைக் காக்கிற பேச்சு அது என்பது என் கட்சி.

ஜிம் கார்பெட்டை நம்மில் பலர் படித்திருப்போம். குமாயுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட கதைகள் 1944-ல் புத்தகமாக வந்தன. அதில் ஒரு கதையைத் தொடங்கும்போதே வேட்டைக்காரர்களின் மூடநம்பிக்கைகளை அவர் வரிசையாகச் சொல்கிறார். அவருடைய நண்பர் ஒருவர் வேட்டைக்குக் கிளம்பினால் சரியாக ஐந்து தோட்டாதான் எடுத்துப்போவார், கூடவும் கூடாது குறையவும் கூடாது. இன்னொருவருக்கு ஏழு. வட இந்தியாவிலேயே பெரிய வேட்டைக்காரர் என்று பெயர் எடுத்த மற்றொருவர், முதலில் ஒரு மஹசீர் மீனைப் பிடிக்காமல் குளிர்கால வேட்டையைத் தொடங்கவே மாட்டார். கார்பெட்டுக்கு மட்டும் இல்லையா என்றால், உண்டு. ஒரு பாம்பை அடிக்கும்வரை ஆட்கொல்லி தன் கையில் சிக்காது என்று அவர் உறுதியாக நம்பினார். ஆட்கொல்லி நடமாடும் ஊரில் கழித்த முதல் இரவில் நடுங்கிப்போனதையும் அவர் மறைக்கவில்லை. புலியைச் சுட்டவரே பயந்தேன் என்று எழுதியதைப் படிக்கும்போது அவர் மேல் மதிப்பு கூடுகிறதே தவிர குறையவில்லை.

நம் பக்கத்தில் காட்டு வேட்டைக்கு 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. வல்லநாட்டு மலை 1987-ல் வெளிமான் சரணாலயம் ஆனது. திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகும்போது அந்த மலையைக் காட்டி, அங்கே மான் இருக்கிறது என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் கடலுக்கு அடியில் மூச்சைப் பிடித்துத் தேடுகிற வேட்டை நம் ஊரில் நின்றுபோகவில்லை. முத்துக்குளிப்பு 1961-உடன் முடிந்துவிட்டது, சங்குகுளிப்பு தொடர்கிறது.

துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் சங்கு குளிக்கிறவர்கள் சிலரோடு எனக்குப் பழக்கம் உண்டு. திரேஸ்புரம் பக்கம் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு களைகட்டும். பாறை இடுக்கில் அஞ்சாலை வாயைப் பிளந்துகொண்டு நின்றால் அலட்டிக்கொள்ளாமல் ஒதுங்கிப் போகிற ஒருவர் சொன்னார்: "வீட்ல கரப்பான் பறந்துச்சுன்னு வைங்க, நான் தெருவுல நிப்பேன். அவதான் வெளக்குமாத்தோட போவா."

"ஏல, ஊசிக்கு நீ பயந்ததச் சொல்லேன்" என்று பக்கத்தில் இருந்தவர் எடுத்துக்கொடுப்பார். புறா வளர்ப்பதில் பைத்தியமான ஒருவர், காலையில் புறாவுக்குத் தீனி போடாமல் கடலுக்குப் போனால் அன்றைக்கு ஒரு சங்குகூடக் கண்ணில் படாது என்று சத்தியம் பண்ணுவார். இன்னொருவர் குதிக்கும் முன் சிலுவை போடுவார். அதோடு நிற்காமல் இடது காதை ஒரு தடவை தொட்டுக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "அது அப்பா செஞ்சது அண்ணாச்சி" என்பார். அப்பா காது வலிக்காகத் தொட்டிருப்பாரோ என்னவோ!

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். கடலில் நிற்கிற கப்பலில் நூலேணி பிடித்து ஏற வேண்டியிருந்த நாட்களில் வலது காலைத்தான் முதலில் வைப்பேன். கீழே பார்க்கவே மாட்டேன். ஏறி முடித்ததும் கையில் ஒட்டிய கயிற்று நாரைத் தட்டிவிடுவதுபோல, நடுக்கம் நிற்கும்வரை நேரத்தைக் கடத்துவேன்.

இந்தக் கரையில் பயத்தைப் பற்றிய பேச்சு பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிக்கும் இடத்தில் பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்கள் இருந்தார்கள் என்றும், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்றும் எழுதியிருக்கிறார். நூற்றுக்கு ஐந்து! இன்றைய கணக்கில் அதை இன்சூரன்ஸ் பிரீமியம் என்றே சொல்லலாம். அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தான். இரவில் யாரும் திருட்டுத்தனமாக முத்து எடுத்துவிடக் கூடாது என்று சாயங்காலமே கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். நம் ஆட்கள் சாமர்த்தியசாலிகள்தான்.

இவர்களுக்குத்தான் கடல்கட்டி என்று பெயர். கார்டினர் என்ற பாதிரியார் இலங்கைப் பக்கம் நடந்த குளிப்பைப் பார்த்து 1807-ல் வந்த தம் புத்தகத்தில் விவரமாக எழுதினார். அந்தக் குளிப்புகளில் முங்கியவர்கள் பலர் நம் கரையிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் போனவர்கள். கடல்கட்டிகள் இரண்டு பேர். ஒருவர் முதல் படகில் போவார். மற்றவர் கரையில் ஓர் அறைக்குள் உடுதுணி இல்லாமல் அடைந்துகிடப்பார். படகுகள் திரும்பும்வரை யார் கண்ணிலும் படக் கூடாது. அவர் முன்னால் ஒரு பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர், அதில் வெள்ளியில் செய்த இரண்டு மீன்கள், ஆண் ஒன்று, பெண் ஒன்று. கடலில் சுறா யாரையாவது தாக்கினால் இங்கே ஒரு மீன் மற்றதைக் கடிக்கும் என்று நம்பிக்கை. கடல்கட்டிக்கு மனக்குறை வந்தால் அவரே சுறாவை ஏவிவிடுவார் என்ற பயமும் உண்டு. அதனால் நாலா பக்கத்திலிருந்தும் அவருக்குத் தாராளமாகக் காணிக்கை வரும்.

இதைப் படித்துச் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். மந்திரத்தில் துளியும் நம்பிக்கை இல்லாத வெள்ளைக்காரர்கள்கூடக் கடல்கட்டிகளை விலக்கவில்லை. அவர்கள் இல்லாமல் ஆட்கள் முங்க மாட்டார்கள் என்று தெரிந்து வைத்துக்கொண்டார்கள். அந்த வெள்ளி மீன்கள் சுறாவைத் தடுக்கவில்லை என்பது நிச்சயம். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒவ்வொருவனும் தனித்தனியாகச் சொல்லிக் கூசவேண்டிய அவசியத்தை அவை இல்லாமல் செய்தன. அத்தனை படகுகளும் சேர்ந்து வெளிப்படையாக, கூலி கொடுத்து, பயத்தை ஒத்துக்கொண்டன. அங்கே பயந்தாங்கொள்ளி என்று யாரை யார் கேலி செய்வது?

அதே காலத்தில் நடந்த இன்னொன்று எனக்குச் சிரிப்பு வரவழைக்கவில்லை. 1797-ல் மன்னார் வளைகுடாவில் நடந்த குளிப்பை நேரில் பார்த்த லெ பெக் என்பவர் அதை எழுதியிருக்கிறார். சுறா தென்பட்டதாக ஒருவர் சைகை கொடுத்தால் படகுகள் உடனே கரைக்குத் திரும்பிவிடும். ஒரு நாள், முங்கிய ஒருவர் அடியில் கிடந்த சுத்தியல் வடிவச் சிப்பியை மிதித்துவிட்டார். காலில் காயம். சுறாதான் கடித்தது என்று எண்ணிச் சைகை கொடுத்துவிட்டார். நிறையப் படகுகள் திரும்பின. ஒரு நாள் வருமானம் போயிற்று. அந்த மனிதருக்குப் பிறகு தண்டனை கொடுத்தார்கள்.

வேண்டுமென்றே பொய் சொன்னவர் இல்லை அவர். கலங்கிய தண்ணீரில், மூச்சு முட்டுகிற நேரத்தில், காலில் சுருக்கென்று வலித்தால் நீங்களும் நானும் அதைத்தான் நினைப்போம். அவரைத் தண்டித்ததால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த தடவை நிஜமாகவே சுறாவைக் கண்டவன்கூட, ஒருவேளை வேறு ஏதாவதோ என்று ஒரு நொடி யோசித்திருப்பான். அந்த ஒரு நொடியில் போகிறது அவன் உயிர் மட்டுமா?

இந்த உண்மையை விமானத் துறை பிற்காலத்தில் புரிந்துகொண்டது. விபத்தில் முடிந்திருக்க வேண்டிய தருணங்களை விமானிகள் தாங்களாகவே எழுதித் தெரிவிக்கும் ஏற்பாடு அமெரிக்காவில் 1976-ல் வந்தது. அதை நடத்துவது அவர்களைத் தண்டிக்கும் அதிகாரம் கொண்ட துறை இல்லை, நாசா. எழுதியவர் பெயரை மறைத்துவிடுவார்கள். நான் பயந்துபோனேன், நான் கவனிக்கவில்லை என்று ஒருவர் சொல்வது பத்துப் பேருக்குப் பாடம் ஆகிறது. டீக்கடை பெஞ்சில் நம் ஆட்கள் சிரித்துக்கொண்டு செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துக் குளிப்பு மூச்சைப் பிடித்து முங்குவது. காலில் கல்லைக் கட்டி இறங்கி, ஒரு நிமிஷம் போலத் துழாவிவிட்டு மேலே வருவார்கள். கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள், தங்கச்சியின் தாலி அவன் கையில் இருக்கிறதே என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இப்போது வள்ளத்தில் கம்ப்ரசரை வைத்து, டியூப் வழியாகக் காற்றை வாங்கிக்கொண்டு நெடுநேரம் அடியிலேயே இருக்கிறார்கள். பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கிற காற்றில் இருக்கும் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துகொண்டே போகும். சடாரென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல உடம்புக்குள்ளே குமிழ் கிளம்பும். மூட்டு வலி, மரத்துப்போதல், சில பேருக்குக் கால் விழுந்துபோதல், உயிரே போதல். கரைக்கு வந்து சில மணி நேரம் கழித்தும் இது தெரியலாம்.

இங்கேதான் மறைப்பது ஆளைக் கொல்கிறது. முழங்கால் வலிக்கிறது என்று சொன்னால் நாளைக்குக் கூட்டிப்போக மாட்டார்களோ என்று பையன் வாயைத் திறப்பதில்லை. வாயு என்கிறான், ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறான். ஆக்சிஜனும் அழுத்த அறைச் சிகிச்சையும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற நிலையில், அவன் மறைக்கிற ஓர் இரவு ஆயுசு முழுக்கக் கம்பு ஊன்ற வைத்துவிடும். சுறாவைப் போல இந்த ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. பாதிக்கப்பட்டவன் வாயைத் திறந்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

பயத்தைப் பேசினால் பயம் வளரும், தொழில் கெடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. சம்மாட்டிகள் சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். நான் பார்த்தவரையில், கரப்பானுக்குப் பயந்தவரும் ஊசிக்குப் பயந்தவரும் தொழிலை விட்டு ஓடவில்லை, முப்பது வருஷம் முங்கினார்கள். எனக்குப் பயமே கிடையாது என்று மார்தட்டியவர்களைப் பற்றித்தான் பெஞ்சில் இருந்தவர்கள் கவலைப்பட்டார்கள். "அவன் கூடப் போகாத, அவன் எப்ப மேல வரணும்னு அவனுக்கே தெரியாது" என்பார்கள்.

கடல்கட்டியைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். அறைக்குள் அடைந்துகிடக்க இந்தக் காலத்தில் ஆளும் கிடைக்காது. ஒரு வழக்கத்தை மட்டும் நாம் காப்பாற்றலாம். வலி என்று சொன்னவனை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கம்ப்ரசர் வைத்து முங்கினவன் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்றைக்கு மனசு சரியில்லை, நான் இறங்கவில்லை என்றவனிடம் காரணம் கேட்கக் கூடாது, கூலியில் பிடிக்கவும் கூடாது. தவறான சைகை கொடுத்தவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, என்ன நடந்தது என்று கேட்கலாம்.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் வீட்டில் பழைய குளியாட்கள் இருப்பார்கள். கடலுக்குப் போகிற பேரப்பிள்ளைகளும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரையும் ஒரே திண்ணையில் உட்கார வையுங்கள். எத்தனை சங்கு எடுத்தீர்கள் என்று பெரியவரிடம் கேட்காதீர்கள், அதை அவர் ஏற்கெனவே நூறு தடவை சொல்லியிருப்பார். எதற்குப் பயந்தீர்கள் என்று கேளுங்கள். முதலில் சிரிப்பார். பிறகு சொல்வார். பையன் அதைக் கேட்கட்டும்.