பாலைவனத்தில் வந்த உடும்பு



குவைத்தில் வீட்டுவேலை செய்த காலத்தில் நடந்த ஒன்றை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அங்குள்ள குடும்பங்கள் குளிர்காலத்தில் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். நவம்பர் நடுப்பகுதியில் அடித்த கூடாரத்தை மார்ச் மாதத்தில்தான் கழற்றுவார்கள். எங்களுக்கோ அங்கேயும் சமையலும் சட்டி பானையும்தான்.

அது 2005 மார்ச். வீட்டுக்காரம்மாவின் நான்கு வயது மகன் பந்தை உருட்டிக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். பந்து போய் நின்ற இடத்தில் மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது. என் கால்கள் விறைத்துவிட்டன.

2002இல் நாங்கள் வன்னியில் ஊர் திரும்பியபோது, கிளறிய மண்ணுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று படிப்பித்திருந்தார்கள். குவைத்தும் போர் கண்ட மண்தான். 1990 ஆகஸ்டில் ஈராக் படை அங்கே புகுந்தது. 1991 பெப்ரவரியில் அது துரத்தப்பட்டபோது பாலைவனமெங்கும் மிதிவெடிகள் கிடந்தன. துப்புரவாக்கிய பின்னரும் வெடிக்காத குண்டுகள் அங்கொன்று இங்கொன்றாக வெளிப்பட்டன.

பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அசையாதே!" என்று தமிழிலேயே கத்தினேன். அவனும் பயந்துபோய் நின்றான். சற்று நேரத்தில் அந்த மண் அசைந்தது. ஒரு தலை வெளியே வந்தது. பிறகு கறுத்த உடம்பு. எங்கள் ஊர் உடும்பு மாதிரியே! வால்தான் வரிவரியாக முள்ளு முள்ளாக இருந்தது.

என் சத்தத்துக்கு மூத்த மகன் சாக்கோடு ஓடிவந்தான். அது சட்டென்று வளைக்குள் புகுந்துவிட்டது. அவன் கைவிட்டு இழுத்தும் வரவில்லை.

வீட்டுப் பாட்டியும் வந்து சிரித்தார். "தப்" என்பது அதன் பெயராம். இலை குழை தின்னும் பிராணி. தண்ணீர் குடிப்பது அரிது. குளிர்காலம் முழுக்க வளைக்குள் கிடந்து, வெயில் ஏறத் தொடங்கவே வெளியே வரும். காலையில் கறுத்திருக்கும் உடம்பு சூடேற மஞ்சளாகும். ஆபத்தென்றால் வளைக்குள் உடம்பை ஊதிக்கொண்டு, வாலால் அடிக்கும். நாம் சொல்லும் உடும்புப்பிடிதான்! இறைச்சிக்காகப் பிடித்துப் பிடித்தே இன்று அருகிவரும் இனங்களில் ஒன்றாகிவிட்டது.

"ஏன் இப்படி நடுங்குகிறாய்?" என்று பாட்டி கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில், "எங்கள் ஊரில் மண்ணுக்குள் குண்டு" என்றேன். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. என் கையைப் பிடித்து, "எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது" என்றார். மகனிடம் சாக்கை மடிக்கச் சொன்னார். அந்த வீட்டுக்குப் போய் ஒரு வருடத்தில், என் ஊரில் என்ன நடந்தது என்று முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான்.

ஒரு உடும்புக்குப் பயந்தேனே என்று பல நாள் வெட்கப்பட்டேன். இப்போது வெட்கமில்லை. போர் முடிந்து எத்தனை வருடமானாலும், கிளறிய மண்ணையோ அறியாத இரும்பையோ கண்டால் நில்லுங்கள். பிள்ளைகளையும் நிறுத்துங்கள். தொடாமல், சத்தமிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். உள்ளிருந்து வருவது உடும்பாக இருந்தால், எல்லோரும் சேர்ந்து சிரித்துக்கொள்ளலாம்.