யாருக்கும் இல்லை என்று எழுதாதே

‘குடும்பத்துல யாருக்காச்சும் சர்க்கரை உண்டா?’ ரத்தச் சோதனைக்கு உட்கார்ந்த எவரிடமும் கேட்கப்படும் கேள்வி இது. நம் சனங்கள் பெரும்பாலும் ‘இல்லீங்க’ என்பார்கள். கேட்டவர் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அந்த ‘இல்லை’யைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

இல்லை என்று எப்படித் தெரியும்? அப்பனுக்கு யார் ரத்தம் எடுத்துப் பார்த்தது? ஆத்தாளுக்கு எந்த டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்? புண் ஆறாமல் செத்தவரை ‘கால்ல புழு வச்சி செத்தாரு’ என்றார்கள். தண்ணி தண்ணி என்று கேட்டு, உடம்பு உருகிச் செத்தவளைக் ‘காத்துக் கருப்பு அடிச்சிடுச்சி’ என்றார்கள். கண் மங்கினால் வயசாயிடுச்சி. பேரில்லாத நோயில் செத்தவர்களெல்லாம் நோயே இல்லாதவர்களாகக் கணக்கில் ஏறிவிட்டார்கள். நிலத்துக்குப் பட்டா கேட்கிற மாதிரி, பரம்பரை நோய்க்கும் இங்கே ஒரு பட்டா வேண்டியிருக்கிறது. சோதித்துப் பார்க்கப்பட்டவன் வம்சத்துக்குத்தான் அது கிடைக்கும்.

இந்த ‘இல்லை’க்கு மார்க்கும் உண்டு. 2005ல் சென்னையில் உருவாக்கப்பட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்ற முறை நாடெங்கும் பயன்படுகிறது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்ற நான்கையும் கூட்டி 100க்கு மதிப்பெண் போடுவார்கள். 60 அல்லது அதற்கு மேல் போனால் ஆபத்து அதிகம், 30க்குக் கீழே இருந்தால் குறைவு. ரத்தம் எடுக்காமலே ஆளைக் கண்டுபிடிக்கிற மலிவான முறை; பயனுள்ளதுதான். ஆனால் நாற்பத்தைந்து வயதில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஒரு சேரிப்பெண்ணை அதில் நிறுத்திப் பாருங்கள். வயசுக்கு 20. ஒட்டிய வயிறு, 0. முதுகொடிய வேலை, 0. பெற்றோருக்கு ‘இல்லை’, 0. மொத்தம் 20. ‘ஆபத்து குறைவு, போயிட்டு வாம்மா.’

அவள் தாயின் வயிற்றிலேயே பட்டினி கிடந்தாளா, எத்தனை கிலோவில் பிறந்தாள் என்று அந்தத் தாளில் கேள்வி கிடையாது. எடை குறைந்து பிறந்த குழந்தைக்குப் பின்னாளில் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவ உலகம் முப்பது வருஷங்களுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

‘அது பணக்கார வியாதி, தின்னு கொழுத்தவனுக்கு வர்றது’ என்று நம் ஆட்களே பேசுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு நோய். அதே ஆய்வு 2017லேயே இன்னொன்றையும் சொன்னது. பொருளாதாரத்தில் முன்னேறிய மாநிலங்களின் நகரங்களில் வசதி படைத்தவர்களைவிட ஏழைகளிடம்தான் நோய் அதிகம். பணக்காரன் உடம்பைக் காத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டான். நோய் குடிசைக்கு இறங்கி வந்துவிட்டது.

பசித்தே கிடந்தவனுக்கும் சர்க்கரை வரும். ஊட்டமில்லாத உடம்பில் வருகிற இந்த வகை 1955ல் ஜமைக்காவில் பதிவானது. உலக சுகாதார நிறுவனம் 1985ல் அதைத் தனி வகையாகப் பட்டியலில் சேர்த்தது. சான்று போதாது என்று 1999ல் நீக்கியது. இது தனி நோய்தான், இன்சுலின் சுரப்பே இவர்களுக்குக் குறைந்துபோயிருக்கிறது என்று வேலூர் மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வு 2022ல் காட்டியது. 2025ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ‘ஐந்தாம் வகை’ என்று பெயர் வைத்தது. பட்டினியால் வரும் நோய்க்கு ஒரு பெயர் கிடைக்க எழுபது வருஷம்! இடையில் செத்தவர்கள் எந்த வகை?

அப்புறம் வருகிறது உபதேசம். ‘சோத்தைக் கொற, சிறுதானியம் சாப்பிடு.’ கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் தின்றபோது அதைக் கூலிக்காரன் சோறு என்று ஏளனம் செய்தவர்களே, இன்று அதைப் பளபளக்கும் பையில் போட்டு விற்கிறார்கள். ரேஷன் அரிசி நம்மைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது, அதைப் பழிக்க எவருக்கும் யோக்கியதை இல்லை. மூணு வேளையும் அது மட்டுமே தட்டில் இருப்பதுதான் பிரச்சினை. பக்கத்தில் பருப்பும் முட்டையும் கறியும் வேண்டும். கொழுப்பு நீக்கிய மாட்டுக்கறி மலிவான, நல்ல புரதம். உணவுத் தாளில் சப்பாத்தி எழுதுகிற கை அதை எழுதக் கூசுகிறதே, அது மருத்துவமா, சாதியா?

எங்கள் அத்தை ஒருத்தி. நாற்பது வருஷம் வெறுங்காலோடு சேற்றில் நின்றவள். ஊர்த்தெருவில் செருப்புப் போடக்கூடாது என்றிருந்த காலத்துக் கால் அது. காலில் முள் ஏறியது அவளுக்குத் தெரியவில்லை. கால் மரத்துப்போய் வருஷக்கணக்காகியிருந்தது. புண் அழுகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அன்றுதான் வாழ்க்கையிலேயே முதன்முதலாக அவளுக்குச் சர்க்கரை பார்த்தார்கள். அன்றே விரலை எடுக்கணும் என்றார்கள். ‘இவ்ளோ நாளா என்னா பண்ணிக்கினு இருந்த?’ என்று அவளைத் திட்டினார்கள். அவ நாத்து நட்டுக்கினு இருந்தா.

வலி வந்தால்தான் டாக்டர் என்பது நம் வழக்கம். வேறு வழியில்லாததால் வந்த வழக்கம். இந்த நோயோ பல வருஷம் சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்து கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் தின்னும். ரத்தம் பார்க்காமல் தெரியாது. எட்டு மணி நேரம் சாப்பிடாமல் பார்த்தால் 126 அல்லது அதற்கு மேல் நோய். 100க்கும் 125க்கும் நடுவில் எச்சரிக்கை. குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 200 அல்லது அதற்கு மேல் நோய். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு சோதனையிலும் உறுதிசெய்ய வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பது முதல் தகவல்தான்; நரம்பில் ரத்தம் எடுத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை; 6.5 சதவீதத்தைத் தொட்டால் நோய். ஆனால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் பிசகலாம். ‘எனக்கு ரத்தம் கம்மி’ என்று நம் பெண்கள் மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். உண்மை. ஆனால் வெறும் வயிற்றோடு காலையில் வந்து காத்திருந்தால் அன்றைய கூலி போச்சு. விடியுமுன் குப்பை அள்ளப் போகிறவர் எப்போது வருவார்? 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வந்தது, நல்ல காரியம். வீட்டில் ஆளில்லாத பகலில் வந்தால் யாரைத் தேடுவது? மாலையிலும் ஞாயிறிலும் காலனிக்குள் சோதனை வேண்டும். தூய்மைப் பணியாளருக்குச் சம்பளத்தோடு சோதனை நாள் வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்காதீர்கள், உரிமையாகக் கேளுங்கள்.

‘இதெல்லாம் இயக்க வேலையா?’ என்று தோழர்கள் சிலர் கேட்பார்கள். பாபாசாகேப் அம்பேத்கரே சர்க்கரை நோயாளிதான். கால் வலியோடும் மங்கிய பார்வையோடும் புத்தரைப் பற்றிய தன் கடைசி நூலை எழுதி முடித்து, 1956 டிசம்பர் 6ல், 65 வயதில் போனார். அந்த நாளில் மாலை போடுகிறோம், பேனர் கட்டுகிறோம். பேனர் காசில் ஒரு பகுதியை எடுத்து, சுகாதார நிலையத்து செவிலியரைப் படிப்பகத்துக்கு அழைத்து, முப்பது வயது தாண்டிய எல்லோருக்கும் ரத்தம் பார்க்க வையுங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். பெயர், வயது, எண், தேதி. நோட்டு நம் கையில் இருக்கட்டும். யார் எண்ணும் ஊர்ப்பேச்சாக வேண்டாம். கூடுதலாக வந்தவரைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு நம் பிள்ளைகளிடமும் இதே கேள்வியைக் கேட்பார்கள். ‘எங்க அம்மாவுக்கு இருந்துச்சி. இந்த வயசுல கண்டுபிடிச்சாங்க, இவ்வளவு இருந்துச்சி’ என்று அவர்கள் பதில் சொல்லட்டும்.