கல்லை அடுக்காதீங்க, ஒட்டுங்க!

மக்களே, இன்றைக்கு வட்டி விகிதம், வீட்டுக்கடன் எதுவும் இல்லை. இன்றைய சண்டை ஒரு கல்லோடு. உப்புத்தண்ணி மீன் தொட்டிக்குள் போடுகிற கல்.

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த நம்மாட்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு நீமோ மீன் வேண்டும். சரி, வாங்கிக் கொடுங்கள், தப்பே இல்லை. ஹாலில் இரண்டடி நீளத்துக்கு ஒரு சின்னத் தொட்டி வருகிறது. கடைக்காரர் மணலைக் கொட்டுகிறார், அதன்மேல் கல்லைக் கோபுரம் மாதிரி அடுக்குகிறார். "அது அவிடெ இருந்நோளும் சாரே" என்று சொல்லிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். கேட்டால், கல் அதன் கனத்திலேயே நிற்குமாம், ஒட்டினால் இயற்கை அழகு போய்விடுமாம்.

நான் பி.காம். படித்தவன், விஞ்ஞானி இல்லை. ஆனால் ஈடு இல்லாமல் கடன் கொடுக்காத உத்தியோகத்தில் இருக்கிறேன். "அது அங்கேயே இருக்கும்" என்பதெல்லாம் ஈடு ஆகாது.

முதலில் அந்தக் கனத்தைப் பார்ப்போம். 2 கிலோ கல் ஒன்று ஒரு லிட்டர் இடத்தை அடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை சுமார் 1.025 கிலோ. ஆக, தண்ணீருக்குள் அந்தக் கல்லின் எடை 1 கிலோவுக்கும் கீழே. கடைக்காரர் நம்பச் சொல்லும் கனத்தில் பாதி, தண்ணீர் ஊற்றியதுமே காணாமல் போய்விடுகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள பிடிப்பும் அதோடு சேர்ந்து குறைகிறது. தண்ணீர் மாற்ற பாதித் தண்ணீரை இறைக்கும்போது மேல்கல் வெளியே வந்து, போன கனம் முழுசாகத் திரும்புகிறது. அடுக்கு சரிவதற்குத் தோதான நேரம் அதுதான். உங்கள் கை உள்ளே இருக்கும் நேரமும் அதுதான்.

இரண்டாவது, மணல். மணல்மேல் வைத்த கல்லுக்கு அஸ்திவாரம் கிடையாது. கோபி மீன் மணலைத் தோண்டும், பிஸ்டல் இறால் கல்லுக்கு அடியிலேயே வளை பறிக்கும். கடல் முள்ளெலி போகிற வழியில் கல்லைத் தள்ளிவிட்டுப் போகும். அவற்றின் பிழைப்பே அது. மணல்மேல் வீடு கட்டியது நம் குற்றம்.

மூன்றாவது, "சின்னத் தொட்டிதானே சார்" என்பது. சின்னத் தொட்டியில்தான் ஆபத்து அதிகம். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே இடமே இருக்காது. கல் சரிந்தால் நேராகக் கண்ணாடியில்தான் முட்டும். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 35 உயரம் என்றால் 63 லிட்டர், ஏறத்தாழ 65 கிலோ உப்புநீர். தொட்டிக்குக் கீழே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பம்பும் ஹீட்டரும் சொருகியிருக்கும். உப்புநீரில் மின்சாரம் நன்றாகவே பாயும். பிள்ளைகள் நிற்பதோ கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு. இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்?

சரி, என்ன செய்யணும்?

ஒன்று: கல்லை முதலில் தொட்டிக்கு வெளியே, தரையில் பேப்பர் விரித்து அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கல்லும் மூன்று இடத்தில் ஊன்றி நிற்கணும், அடுப்புக்கல் மாதிரி.

இரண்டு: தொட்டியில் கல் முதலில், மணல் பிறகு. அடிக்கண்ணாடிமேல் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டி ஒன்றைப் போட்டு அதன்மேல் அடிக்கல்லை வையுங்கள். கனம் ஒரே புள்ளியில் இறங்காது.

மூன்று: மீன் தொட்டிக்கென்றே விற்கும் எபாக்சி மாவும் கெட்டியான சூப்பர் க்ளூவும் சேர்த்து ஒட்டுங்கள். உயரமான அடுக்கு என்றால் துளை போட்டு அக்ரிலிக் கம்பி சொருகுங்கள். இரும்புக் கம்பி, செம்புக் கம்பி கூடவே கூடாது. இரும்பு உப்பில் அரித்துப் போகும், செம்பு இறாலைக் கொன்றுவிடும்.

நான்கு: நாலு பக்கமும் கண்ணாடியிலிருந்து குறைந்தது நாலு விரல் இடைவெளி. பாசி துடைக்கவும் கை போகணும் இல்லையா?

ஐந்து: வீட்டு இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா பாருங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

"ஒட்டிவிட்டால் டிரான்ஸ்ஃபர் வந்தால் என்ன பண்றது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுகிற ஜாதி நாம். அதனால் மொத்தத்தையும் ஒரே பாறையாக ஒட்டாமல், தனித்தனியாகத் தூக்குகிற மாதிரி இரண்டு மூன்று கட்டாக ஒட்டுங்கள். மாற்றலின்போது அடுக்கு கலையாது. ஒளிந்த மீனைப் பிடிக்கணும் என்றாலும் ஒரு கட்டைத் தூக்கினால் போதும்.

அடுத்து, எனக்கு உண்மையாகவே வயிறு எரிகிற விஷயம். அந்தக் கல் எது? "ஒரிஜினல் கடல் கல்லு சாரே" என்று சிலர் பெருமையாக எடுத்து வைப்பது பவளப்பாறைத் துண்டு. நான் தூத்துக்குடிக்காரன். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள் இருந்தன. 1986-ல் அவற்றைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வருஷக்கணக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அலையைத் தடுத்து நின்ற சுவரை நாமே பெயர்த்தோம்.

2001-லிருந்து பவளப்பாறைகள் 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை. மாட்டினால் மூன்று வருஷத்துக்குக் குறையாத ஜெயில், ஏழு வருஷம் வரை போகலாம். ஹாலில் புலித்தோல் விரிக்க யோசிப்பவர், தொட்டியில் பவளக்கல் வைக்கக் கூசுவதில்லை. என்ன நியாயம் இது? அரசு உத்தியோகம், வங்கி உத்தியோகம் பார்க்கிறவர்கள் இரண்டு தடவை யோசியுங்கள்.

மாற்று இருக்கிறது. சுட்ட பீங்கான் கல் வாங்கலாம். சிமெண்டும் உடைத்த சிப்பியும் கலந்து நாமே வார்க்கலாம். ஆனால் சில வாரம் தண்ணீரில் ஊறவைத்துக் காரம் இறங்கிய பிறகே உபயோகிக்கணும். இந்த ஊரில் சல்லிசாகக் கிடைக்கும் வெட்டுகல் வேண்டாம், அதில் இரும்பு அதிகம். கல்லுக்குச் சொன்னதுதான் மீனுக்கும்: கடலில் அள்ளியதை விட்டுவிட்டு, பண்ணையில் பொரித்ததைக் கேட்டு வாங்குங்கள். இங்கே பக்கத்தில் விழிஞ்ஞத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கேயுள்ள மீன் காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள், பாதி ஆசை அங்கேயே தீரும் :-)

தொட்டி வைத்தே தீருவேன் என்றால், தண்ணீர் ஊற்றுமுன் ஒவ்வொரு கல்லையும் ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் பிரித்து மறுபடி ஒட்டுங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். வரும்போது, கல் எங்கிருந்து வந்தது என்கிற பதிலோடு வாருங்கள்.