குதிரைகள் நடந்த பாதையில் ஓடலாம்!

குன்றுகள் சூழ்ந்த ஊரில் ஓட்டப் பயிற்சி என்றாலே பலருக்கும் தயக்கம்தான். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். ஆனால், இருபுறமும் குன்றுகள் நிற்க, 14 கிலோமீட்டருக்கு ஏற்றமே தெரியாமல் ஓட ஒரு பாதை இருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கில், பாத் நகரிலிருந்து பிராட்ஃபோர்டு ஆன் ஏவன் என்ற சிற்றூர் வரை, ஏவன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே செல்லும் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயின் கரைப்பாதை அது.

ஓட்டக்காரர்களுக்கு மட்டுமல்ல, அங்கே படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்களுக்கும் இது நல்ல நடைபாதை.

ஏன் இவ்வளவு சமம்?

பிரிஸ்டல் துறைமுகத்தையும் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ரெடிங் நகரையும் இணைக்கும் சுமார் 140 கிலோமீட்டர் நீர்வழியின் ஒரு பகுதி இந்தக் கால்வாய். பொறியாளர் ஜான் ரென்னியின் திட்டப்படி 1794-ல் தொடங்கிய வேலை 1810-ல் முடிந்தது. அப்போது படகுகளுக்கு இன்ஜின் கிடையாது. கரையில் நடக்கும் குதிரை, கயிறு கட்டிப் படகை இழுக்கும். அந்தக் குதிரைக்காகப் போட்ட பாதைதான் இன்றைய ஓட்டப் பாதை.

கால்வாய்த் தண்ணீர் மேடேறாது. மேடு வந்தால் 'லாக்' என்ற கதவுத் தொட்டி கட்டி, அதில் நீரை நிரப்பிப் படகைத் தூக்க வேண்டும். அது நேரத்தையும் தண்ணீரையும் தின்னும். எனவே பாத் நகரின் மேல் லாக்கிலிருந்து பிராட்ஃபோர்டு வரை ஒரு லாக்கும் இல்லாமல், குன்றின் இடுப்பை ஒட்டியே கால்வாயை வளைத்து வெட்டினார்கள். மண்வெட்டி பிடித்த தொழிலாளிகளின் அந்த உழைப்புதான் இன்று உங்கள் முழங்காலைக் காக்கிறது.

முதல் பாதை: பாத் – டண்டாஸ், சுமார் 8 கி.மீ.

பாத் ஸ்பா ரயில் நிலையத்தின் பின்பக்கம் ஆற்றைக் கடந்தால் கால்வாயின் வாசல். ஆறு லாக்குகளை ஒட்டி ஏற வேண்டும். இந்தப் பாதையில் ஏற்றம் என்றால் இது மட்டும்தான். இவற்றில் ஒன்று கிட்டத்தட்ட 6 மீட்டர் ஆழம். பிரிட்டனின் மிக ஆழமான கால்வாய் லாக்குகளில் அதுவும் ஒன்று.

மேலே வந்ததும் சிட்னி பூங்கா. எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் 1801 முதல் சில ஆண்டுகள் வாழ்ந்தது இந்தப் பூங்காவுக்கு எதிர் வீட்டில்தான். பூங்காவைத் தாண்டியதும் ஊர்ச் சத்தம் அடங்கிவிடும். பாதாம்டன் கிராமத்தில் கால்வாயை ஒட்டியே ஒரு பழைய தேவாலயம். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் முதல் ஆளுநரான ஆர்தர் ஃபிலிப் அடக்கம் செய்யப்பட்டிருப்பது அங்கேதான்.

அடுத்து கிளாவர்டன். கால்வாய் மேலே, ஆறு கீழே. குறையும் தண்ணீரை ஆற்றிலிருந்து மேலே ஏற்ற வேண்டும். அதற்கு ரென்னி செய்த ஏற்பாடு அலாதியானது. ஆற்று நீரே ஒரு பெரிய மரச் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் பம்பை இயக்கும். பம்பு ஆற்று நீரைச் சுமார் 14 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும். நிலக்கரி வேண்டாம், எரிபொருள் செலவே இல்லை! 1813-ல் ஓடத் தொடங்கிய இந்தப் பம்பு 1952 வரை உழைத்தது. பிறகு தன்னார்வலர்கள் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட நாள்களில் இயக்கியும் காட்டுகிறார்கள்.

இரண்டாம் பாதை: டண்டாஸ் – பிராட்ஃபோர்டு, சுமார் 8 கி.மீ.

டண்டாஸில் கால்வாய் ஒரு தொட்டிப்பாலத்தின் மேலேறி ஆற்றைக் கடக்கிறது. பாலத்தின் மேலே படகு போகும், கீழே ஆறும் ரயிலும் போகும். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு ஓடலாம்.

லிம்ப்ளி ஸ்டோக் பகுதியில் மரங்கள் அடர்த்தி. வசந்த காலத்தில் காட்டுப்பூண்டு வாசனை மூக்கைத் துளைக்கும். சாம்பல் நாரை அசையாமல் நிற்கும். அதிர்ஷ்டம் இருந்தால் நீல மின்னலாக மீன்கொத்தி பறக்கும்.

ஏவன்கிளிஃப்பில் இரண்டாவது தொட்டிப்பாலம். செங்கல்லில் கட்டலாம் என்பது ரென்னியின் யோசனை. கால்வாய் நிர்வாகமோ உள்ளூர்க் கல்தான் வேண்டும் என்றது. கட்டி முடித்த சில காலத்திலேயே நடு வளைவு தொய்ந்துவிட்டது. அந்தத் தொய்வு இன்றும் தெரியும், பாலமும் நிற்கிறது.

களைத்துவிட்டீர்களா? பாலத்தின் பக்கத்திலேயே ஒரு குட்டி ரயில் நிலையம் இருக்கிறது. பஸ்ஸை நிறுத்துவதுபோல் கை காட்டினால்தான் ரயில் நிற்கும்.

முழுத் தூரமும் ஓடியவர்களுக்கு பிராட்ஃபோர்டில் 14-ம் நூற்றாண்டுக் கல் களஞ்சியம் காத்திருக்கிறது. 50 மீட்டருக்கும் அதிக நீளம். உள்ளே நின்று மரக் கூரையை அண்ணாந்து பாருங்கள். திரும்ப ஓட வேண்டியதில்லை. ரயிலில் கால் மணி நேரத்தில் பாத் வந்துவிடலாம்.

மூன்றாம் பாதை: இரு குகைகள், சுமார் 21 கி.மீ.

அரை மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு இது. பாத்தின் தெற்கே, 1966-ல் மூடப்பட்ட ரயில் பாதையின் இரண்டு குகைகள் 2013-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் திறந்துவிடப்பட்டன. பெரிய குகையான கூம் டவுன் 1,672 மீட்டர் நீளம். காற்றுத் துளையே இல்லாத ஒற்றைப் பாதைக் குகை அது. 1929-ல் மெதுவாக ஊர்ந்த சரக்கு ரயில் ஒன்றின் புகையில் ஓட்டுநரும் உதவியாளரும் மயங்கிவிட, கட்டுப்பாடிழந்த ரயில் பாத்தில் கவிழ்ந்து மூன்று பேர் இறந்தார்கள். இன்று அங்கே விளக்குகளும் மெல்லிய இசையும் துணைக்கு வருகின்றன. வெயில் காலத்திலும் உள்ளே குளிரும் என்பதால் மெல்லிய மேல்சட்டை ஒன்று இருக்கட்டும். குகையைத் தாண்டி மிட்ஃபோர்டு வழியாக டண்டாஸ் வந்து, கால்வாய்க் கரையில் பாத் திரும்பலாம்.

காணாமல் போயிருக்க வேண்டிய கால்வாய்

1841-ல் லண்டன் – பிரிஸ்டல் ரயில் ஓடத் தொடங்கியதும் கால்வாயின் சரக்கு குறைந்தது. 1852-ல் ரயில் நிறுவனமே கால்வாயை வாங்கியது. போட்டியாளரின் கையில் சிக்கிய கடைக்கு யார் வெள்ளையடிப்பார்கள்? கதவுகள் உளுத்தன. சில இடங்களில் தண்ணீரே இல்லாமல் புதர் மண்டியது.

1956-ல் ரெடிங்குக்கும் பாத்துக்கும் இடையே படகு செல்லும் உரிமையையே நீக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. கரையோர மக்கள் சும்மா இருக்கவில்லை. 22,000 பேர் கையெழுத்திட்ட மனுவை மகாராணிக்கு எழுதி, பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்குத் தண்ணீர் வழியாகவே கொண்டுபோனார்கள். பெரிய படகு போக முடியாத இடங்களில் சிறு துடுப்புப் படகில் போனார்கள். 'இது இன்னும் நீர்வழிதான்' என்று காட்ட அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அதன்பின் பல ஆண்டுகள் தன்னார்வலர்கள் விடுமுறை நாள்களில் சேறு அள்ளினார்கள், கதவுகளைப் புதுப்பித்தார்கள், நிதி திரட்டினார்கள். 1990-ல் இரண்டாம் எலிசபெத் மகாராணி கால்வாயை மீண்டும் திறந்துவைத்தார். 1956-ல் கையெழுத்துப் போட்டவர்களில் பலர் அதைப் பார்க்க இருந்திருக்க மாட்டார்கள்.

ஓடும் முன்

* நடப்பவர்களுக்கே முன்னுரிமை. சைக்கிள் மணி கேட்கும்படி, ஒரு காதிலாவது ஹெட்போன் இல்லாமல் ஓடுங்கள்.
* பாலங்களுக்கு அடியில் பாதை குறுகும், எதிரே வருபவர் தெரியாது. அங்கே நடையாகப் போவதே நல்லது.
* கரையில் கட்டியிருக்கும் படகுகள் பலருக்கு வீடு. அதிகாலையில் சத்தம் வேண்டாம்.
* வசந்த காலத்தில் அன்னங்கள் கூடு கட்டியிருக்கும். நெருங்கினால் சீறும். விலகி ஓடுங்கள்.
* டிசம்பரில் மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். கரையில் தெருவிளக்கை நம்ப முடியாது. கையில் டார்ச் வேண்டும்.
* குழந்தைகளை அழைத்துப் போனால், தண்ணீர்ப் பக்கம் பெரியவர்கள் நடங்கள்.

இந்தப் பாதையில் ஓட டிக்கெட் இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை, முன்பதிவும் வேண்டாம். காலில் நல்ல ஷூ இருந்தால் போதும்.